இருப்புப் பேரேடு

வேலந்தாவளத்தில் ஏறும் காலை பஸ்ஸில்
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
ஹார்டுவேர் கடை என்பேன்.
பொய்யில்லை. இரும்புதான்,
கொஞ்சம் மரக்கட்டையும்.

பாலக்காட்டில் கோட்டைக்குப் பின்தெருவில்
தையல்கடைக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவே
நாங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது.
தெரிந்தவர்கள்
செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருகிறார்கள்,
யாரும் சொல்லாமலே.

ஒன்பது வருஷத்தில் நான் விற்ற துப்பாக்கிகள் பதினொன்று.
விற்காமல் அனுப்பியதை எழுதப்
பேரேட்டில் கட்டம் இல்லை.
ஒருவருக்குக் காகிதமெல்லாம் சரியாக இருந்தது.
பேச்சுக்கு நடுவே மூன்று தடவை
மைத்துனன் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்தார்.
ஸ்டாக் இல்லை என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக்குள்
நான்கு நின்றுகொண்டிருந்தன.
முதலாளி வறீது பத்திரிகையிலிருந்து தலை தூக்கவில்லை.
'நாலும் ரிப்பேர்' என்றார்.

மற்ற நாளெல்லாம் எண்ணெய் விடுவது,
தோட்டா எண்ணுவது,
பேங்கு வாசலில் நிற்பவர்களின்
இரட்டைக்குழலைப் பிரித்துத் துடைப்பது.
சந்திரசேனன் நாயர் கொண்டுவந்ததன் உள்ளே
சிலந்தி வலை கட்டியிருந்தது.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.
ஒற்றைக் கண்ணை மூடி ரொம்ப நேரம் பார்த்தார்.
'இருபது வருஷமா ஒண்ணும் நடக்கலை, கேட்டோ'
என்று சொன்னபோது
அவர் குரலில் வெட்கமா பெருமையா
எனக்குப் பிடிபடவில்லை.
வலையைத் துடைக்கக் கொஞ்சம் மனசு வராமல்
மத்தியானம்வரை வைத்திருந்தேன்.

நெல் பால்பிடிக்கும் மாதம் பன்றிக்காக வருவார்கள்,
பஞ்சாயத்துத் தாளை நான்காய் மடித்து
வியர்வையோடு.
முத்திரை இல்லையென்றால் தோட்டா இல்லை.
பன்றி வந்து முத்திரை கேட்குமா என்று
சண்டை போட்டுப் போன குரியாக்கோஸ்
மறுநாள் முத்திரையோடு வந்தார்,
ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோடும்.
பன்றி விட்டுவைத்தது என்றார்.

தேர்தல் அறிவித்தால் எங்களுக்குத் திருவிழா.
போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம்,
அந்த ஈரம் கட்டைக்கு ஆகாதென்று
இங்கே வருவார்கள்.
பழைய வேட்டியில், தலையணை உறையில்,
ஒருவர் கோரைப்பாயில் சுருட்டி.
எண்ணை வாசித்து எழுதுவேன்.
குழல் காலியா என்று இரண்டு தடவை பார்ப்பேன்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
போன தடவை
நாற்பத்திரண்டு வீடுகளின் கோபம்
இரும்பு அலமாரிக்குள் தோளோடு தோள் நின்றது,
எந்தக் கட்சி என்று கேட்காமல்.
சாவி என் இடுப்பில்.
அந்த ஆறு வாரமும் நன்றாகத் தூங்கினேன்.

முடிவு வந்ததும் எல்லோரும் எடுத்துப்போனார்கள்.
முப்பத்தொன்பது மட்டும் நின்றது.
கிட்டுச்சாமி, கோவிந்தாபுரம் பக்கம் தென்னந்தோப்பு.
மாதம் பிறந்தால் வந்து வாடகையை எண்ணி வைப்பார்.
எடுத்துக்குறீங்களா என்று முதல் மாதம் கேட்டேன்.
'எலெக்‌ஷன் இன்னும் முடியலைன்னே வச்சுக்க, கண்ணு.'
இரண்டாம் மாதம் கேட்கவில்லை.

ஒருமுறை மகனும் கூட வந்தான். பத்தொன்பது இருக்கும்.
சித்திரை வெயிலில்
மணிக்கட்டு மூடிய முழுக்கைச் சட்டை.
அவன் அலமாரியைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்த்தேன்.
அவன் அப்பா நூற்றிருபது ரூபாயை
நாலாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த மாதம் அவன் தனியாக வந்தான்.
சாவி இடுப்பில் குத்தியது.
பணத்தை வைத்துவிட்டு
'அடுத்த மாசமும் இங்கேயே இருக்கட்டுங்க்கா' என்றான்.
சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான்.
பழைய கோடுகள். புதிதாக எதுவும் இல்லை.
அப்பா சைக்கிளைப் பிடித்தபடி வெளியே நின்றார்,
இந்தப் பக்கம் திரும்பாமல்.

பேரேட்டைத் திறந்தேன்.
முப்பத்தொன்பது. இருப்பு: ஒன்று.
மை காயும்வரை மூடவில்லை.